பலகையே இல்லாத இடத்தில் ஏன் அபராதம்?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கட்டடத்தில் கார் நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் விடுகிறேன். தெருமுனையிலிருந்து சுமார் 15 அடி தள்ளி நிறுத்தியதற்கு 500 ரூபாய் சலான் வந்தது. அங்கே 'நோ பார்க்கிங்' பலகை எதுவும் இல்லை. சில வாரங்களில் அதே இடத்துக்கு மறுபடியும் சலான், இந்த முறை 1,500 ரூபாய். எதிர் வீட்டுக்காரரோ காம்பவுண்டு ஓரத்தில் சிமென்ட் தொட்டிகளையும் ஒரு பலகையையும் வைத்து யாரையும் அங்கே நிறுத்த விடுவதில்லை. அவரை யாரும் கேட்பதில்லை. இந்த அபராதம் செல்லுமா? காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? சட்டப்படி தெருவில் எங்கேதான் நிறுத்தலாம்?

பதில்: உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சலான்களும் செல்லும். நீங்கள் சொல்கிற 15 அடி என்பது நாலரை மீட்டர். தெருமுனைக்கு அவ்வளவு அருகில் நிறுத்தக் கூடாது என்பதற்குப் பலகை தேவையில்லை, சட்டமே தடுத்திருக்கிறது.

பலகை இருந்தால்தான் தடை என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. உண்மையில், பலகை வைப்பது பொது விதி தொடாத இடங்களையும் தடை செய்வதற்காக. பொது விதி எல்லாத் தெருவுக்கும் ஏற்கெனவே பொருந்தும். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகளில் அது இருக்கிறது. பிரதான சாலையிலும், வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டரோ அதற்கு மேலோ உள்ள சாலையிலும் நிறுத்தக் கூடாது. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு ஆகியவற்றின் மேல் கூடாது. பஸ் ஸ்டாப் அருகிலும், பள்ளி, மருத்துவமனை வாசலிலும் கூடாது. தீயணைப்புக் குழாயையோ போக்குவரத்துப் பலகையையோ மறைத்து நிறுத்தக் கூடாது. ஒரு வீட்டுக்கோ கடைக்கோ உள்ளே போகும், வெளியே வரும் வழியை அடைக்கக் கூடாது. நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் இன்னொன்றை இணைத்து நிறுத்தக் கூடாது. சாலை ஓரத்தில் விடாமல் மஞ்சள் கோடு போட்டிருந்தால் அங்கேயும் கூடாது. உங்களைப் பிடித்த விதி இன்னொன்று: சந்திப்பின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது.

இந்த 50 மீட்டரை உங்கள் பகுதியில் வைத்துப் பாருங்கள். மாம்பலம், தி. நகர்ப் பக்கம் குறுக்குத் தெருக்கள் அடிக்கடி வரும். இரண்டு முனைகளுக்கும் நடுவே 120 மீட்டர் நீளமுள்ள தெரு என்று வைத்துக்கொள்வோம். இந்த முனையிலிருந்து 50, அந்த முனையிலிருந்து 50 கழித்தால் மிஞ்சுவது 20 மீட்டர். ஒரு காருக்கு இடைவெளியோடு சேர்த்து 5 முதல் 6 மீட்டர் வேண்டும் என்பதால், ஒரு பக்கத்துக்கு மூன்று கார், நெருக்கினால் நாலு. நடுவில் இரண்டு வீட்டு கேட் வந்தால் அதுவும் குறையும். தெரு 100 மீட்டருக்குள் முடிந்துவிட்டால் சட்டத்தின் எழுத்துப்படி ஒரு காருக்கும் இடமில்லை. பெரிய சாலைச் சந்திப்புகளுக்கு 50 மீட்டர் நியாயமான அளவு. 20 அடித் தெருக்கள் குறுக்கே வெட்டும் குடியிருப்புக்கும் அதையே வைத்திருப்பது பொருத்தமில்லை என்பது என் கருத்து. ஆனால் விதியில் சின்னத் தெரு, பெரிய தெரு என்ற பாகுபாடு இல்லை. 30 மீட்டர் தள்ளி நிறுத்தியவருக்கு சலான் போடாமல் விடுவது போலீஸின் விருப்புரிமை, அதை உரிமையாகக் கேட்க முடியாது. 4.5 மீட்டரில் நிறுத்தியவருக்கு அந்தச் சலுகையை எதிர்பார்ப்பதும் சரியில்லை.

அந்த 4.5 மீட்டரால் என்ன கெடுகிறது என்றும் சொல்ல வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஓட்டுபவர் பார்த்து, உணர்ந்து, பிரேக் பிடித்து வண்டி நிற்க 17 மீட்டர் போல ஆகும். உங்கள் கார் முனையை மறைத்து நின்றால், குறுக்குத் தெருவிலிருந்து நடந்து வரும் குழந்தை அவர் கண்ணில் படும்போது நடுவில் ஐந்தாறு மீட்டர்கூட இருக்காது. இன்னொன்று, நீளமான வண்டிகள் திரும்ப வேண்டும். மெட்ரோ வாட்டர் லாரி 20 அடித் தெருவுக்குள் திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வெளியே போகும், பின்சக்கரம் உள்முனையை ஒட்டி வரும். முனையில் ஒரு கார் நின்றால் லாரி முன்னும் பின்னுமாக நாலு முறை நகர்ந்துதான் உள்ளே போக முடியும். தீயணைப்பு வண்டிக்கு அப்படி நகர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

ஆகவே தெருவில் எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்ய ஒருநாள் அளவு நாடாவோடு நடந்து பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியும் போதும். முனையிலிருந்து 50 மீட்டரைக் குறித்துக்கொண்டு, பிறகு அகலத்தைப் பாருங்கள். 20 அடித் தெரு 6 மீட்டர். சாதாரண கார் 1.7 முதல் 1.8 மீட்டர் அகலம், கண்ணாடியும் ஓர இடைவெளியும் சேர்த்தால் 2.1. இருபுறமும் நிறுத்தினால் 4.2 போய்விடும், நடுவில் 1.8 மீட்டர்தான் மிஞ்சும். அதில் ஆட்டோ போகும், ஆம்புலன்ஸ் போகாது. தீயணைப்பு வண்டியே இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். எதிரே வண்டி நிற்கும்போது நேர் எதிரில் நிறுத்தி வழியை அடைப்பது குற்றம் என்று விதி சொல்வது இதற்காகத்தான். 20 அடித் தெரு என்றால் ஒரே பக்கம்தான் நிறுத்த முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிறுத்திய பிறகு குறைந்தது மூன்றரை மீட்டர் திறந்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே நிறுத்த வேண்டாம், இரவு பத்து மணி ஆனாலும் சரி.

கேட்டுக்கு எதிரே நிறுத்துவதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். கேட்டை விட்டுவிட்டு அதன் தூணை ஒட்டி நிறுத்துவார்கள். உள்ளேயிருந்து வரும் கார் குறுகலான தெருவில் ஒரே மூச்சில் திரும்ப, தூணிலிருந்து ஒன்றரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். தெரு குறுகலாக இருந்தால் கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமும் காலியாக இருக்க வேண்டும். புகாரில் பாதி இந்த எதிர்ப்பக்கத்தால் வருவதுதான். 'உங்க கேட்டை நான் அடைக்கவே இல்லையே சார்' என்று அங்கே வாதம் செய்து பயனில்லை, அவர் காரை வெளியே எடுக்க முடியவில்லை என்பதுதான் கேள்வி.

இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால் தெருவுக்கு இடம் விட்ட மாதிரி ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நேரடியான விதிமீறல். சென்னையில் பல நடைபாதைகளுக்கு அடியில் மழைநீர் வடிகால்தான் ஓடுகிறது. மேலே இருக்கும் மூடிகள் ஆள் நடப்பதைத் தாங்கும். ஒரு டன் எடையுள்ள கார் தினமும் ஏறி இறங்கினால் விளிம்பில் விரிசல் விடும், ஒருநாள் உள்ளே இறங்கும். அதில் விழப்போவது இருட்டில் நடந்து வருகிற யாரோ ஒருவர். தூர் வார வருகிறவர்களும் மூடியைத் திறக்க முடியாமல் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சாலையின் இடது ஓரத்தில், போக்குவரத்து போகும் திசையிலேயே, ஓரக் கல்லிலிருந்து ஒரு அடிக்குள் சக்கரம் இருக்கும்படி நிறுத்துங்கள். எதிர்த் திசையில் முகம் வைத்து நிறுத்துவது உங்கள் தெருவில் சர்வசாதாரணமாக இருக்கும். காரின் சிவப்பு ஒளிதிருப்பிகள் பின்பக்கம் மட்டுமே உள்ளன. திருப்பி நிறுத்தினால் இரவில் பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு எதுவும் தெரியாது. காலையில் எடுக்கும்போது வண்டியின் மூக்கு பாதிச் சாலைக்கு வந்த பிறகுதான் உங்களுக்கே எதிரே வருவது தெரியும். இறங்கும்போது கதவை வலது கையால் தள்ளாமல் இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும். கைப்பிரேக் போட்டு, இஞ்சினை நிறுத்தி, அப்புறம்தான் இறங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஆள் இல்லாமல் இஞ்சின் ஓட வண்டியை விட்டுச் செல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவில் வருகிறது.

பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் நிறுத்திவைக்கக் கூடாது. ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது. பலகைக்குக் கீழே நேரமோ அம்புக்குறியோ எழுதிய சிறு தகடு இருந்தால் அதையும் படியுங்கள், தடை எந்த நேரத்துக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று அதில்தான் இருக்கும். நான்கு பக்க விளக்கையும் கண் சிமிட்ட விட்டுக் கடைக்குப் போய்வருவது எந்தத் தடையிலிருந்தும் விலக்கு தராது. அந்த விளக்கு பழுதாகி நிற்கும் வண்டிக்கு. உண்மையிலேயே வண்டி திடீரென்று பழுதாகி, அதை அகற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தால் போக்குவரத்து இடையூறுக்கான 201-வது பிரிவு பொருந்தாது. முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் வைத்து, மெக்கானிக்கை அழைத்த நேரம் கைப்பேசியில் பதிவாகியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகை எப்படி மூன்று மடங்கானது என்பதற்குக் காரணம் 177-வது பிரிவு. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 வரை. 2019 திருத்தத்தில் வந்த இந்தத் தொகைகளைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் வண்டி எண்ணில் பழைய சலான் பதிவாகியிருப்பதால் இரண்டாவது கூடியிருக்கிறது.

கட்டுவதற்கு முன் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டுப் படத்தைப் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, இடமும் நேரமும் சரியா, எந்தப் பிரிவு என்று நான்கையும் சரிபாருங்கள். எண் தகட்டில் ஓர் எழுத்து மாறி அடுத்தவர் சலான் உங்களுக்கு வருவது நடக்கக்கூடியதுதான். அப்படியானால் அதே தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதியில், உங்கள் வண்டியின் படத்தோடும் ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலோடும் மறுப்பைப் பதிவு செய்யலாம். ஏற்கவும் மாட்டேன், கட்டவும் மாட்டேன் என்று விட்டுவைக்காதீர்கள். நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை உண்டு, ஆனால் முனையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதற்கு உங்களிடம் அளவோ படமோ இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 15 அடி என்று நீங்களே எழுதியிருப்பதால் கட்டிவிடுவதுதான் நல்லது. ஆர்.சி.யில் பழைய கைப்பேசி எண் இருந்தால் இன்றே மாற்றுங்கள். குறுஞ்செய்தி வராததால் முதல் சலான் தெரியாமலே இரண்டாவது, மூன்றாவது வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு மோசடியும் நடக்கிறது. 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும், கூடவே ஏ.பி.கே. கோப்பு, அதாவது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு ஒன்று இருக்கும். அதை நிறுவினால் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.கள் மோசடிக்காரர் கைக்குப் போய், வங்கிக் கணக்கில் பணம் காலியாகும். அரசு எந்தச் சலானையும் கோப்பாக நிறுவச் சொல்லி அனுப்புவதில்லை. தளத்தின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எதிர் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தன் கேட்டை யாரும் அடைக்கக் கூடாது என்று அவர் கேட்பது முழுக்க நியாயம், சட்டமும் அவர் பக்கம். ஆனால் காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கும் சாலை அவருடையதல்ல. தன் காருக்கு அதை ஒதுக்கிவைக்கவும் உரிமை கிடையாது. போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரம் 116-வது பிரிவின்படி அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும்தான். கடையில் வாங்கி மாட்டிய பலகை ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். தொட்டியும் கல்லும் சாலையில் வைத்தால் அதுவே இடையூறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் பொதுவழியை மறிப்பதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அனுமதியில்லாமல் இப்படிப் பலகையும் தடுப்பும் வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023-ல் எச்சரித்திருக்கிறது. நீங்களே தொட்டியை நகர்த்தப் போகாதீர்கள். தொட்டி உடைந்தால் பேச்சு தொட்டியைப் பற்றியே போகும். பகலில், தெருப்பெயரும் கதவு எண்ணும் தெரியும்படி படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ புகார் கொடுங்கள். கேட்டிலிருந்து சாலைக்குள் நீட்டிய சிமென்ட் சாய்தளம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டிகள் முனையிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தால், அவர் எடுத்த பிறகும் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்காது.

இரவு முழுக்க விடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை அகற்ற, அந்த எல்லைக்குரிய சீருடைக் காவலர் உத்தரவிடலாம் என்கிறது 127-வது பிரிவு. இரவு எட்டுக்கு விட்டுக் காலை எட்டுக்கு எடுத்தாலே 12 மணி நேரம். தினமும் ஓடுகிற காரை இதற்காகத் தூக்குவது வழக்கமில்லை. தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி, அடியில் குப்பை சேர்ந்து நிற்கும் வண்டிதான் கைவிடப்பட்டதாகக் கணக்கில் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருப்பீர்கள் என்றால் கட்டண நிறுத்தத்தில் விடுங்கள். மெட்ரோ நிலையங்களில் இரவு முழுக்க விட அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று அந்தந்த நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கண்ணாடியின் உட்புறம் உங்கள் கைப்பேசி எண்ணைத் தெளிவாக எழுதி வையுங்கள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கூப்பிட ஒரு வழி இருந்தால், பல நேரம் புகாரே போகாது.

காரை விட்ட இடத்தில் காணவில்லை என்றால் உடனே திருட்டு என்று முடிவு செய்யாதீர்கள். தரையில் சுண்ணாம்புக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்தையோ 100-ஐயோ அழையுங்கள். டோயிங் செலவு, அதாவது வண்டியைத் தூக்கிச் சென்ற செலவு, உரிமையாளர் தலையில்தான், அபராதத்துக்கு மேல் தனியாக. இரண்டுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டு எடுப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து படம் எடுங்கள். முன் பம்பரின் கீழ் விளிம்பு, கொக்கி மாட்டும் இடம், தரையில் இழுபட்ட பக்கத்து டயர்கள் ஆகியவற்றைக் குறிப்பாகப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கி, 'பி' (பார்க்கிங்) நிலையில் பூட்டிய முன்சக்கரத்தைத் தரையில் தேய்த்துக் கொண்டுபோயிருந்தால் கியர்பெட்டிக்குள் அடி வாங்கியிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது தட்டுகிற சத்தமோ இழுப்போ இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் நிரூபிப்பது கஷ்டம். வீல் லாக் போட்டிருந்தால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்த முயற்சிக்க வேண்டாம். பூட்டு சக்கர வளைவைக் கிழித்துவிடும், அதை உடைத்தால் அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதாகத் தனி வழக்கு வரும்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதையும், அவற்றுக்கு அபராதம் போடவில்லை என்று போலீஸ் விளக்கியதையும் பார்த்திருப்பீர்கள். அது அந்த நாளுக்கு மட்டுமான விட்டுக்கொடுப்பு. உங்கள் பகுதியிலும் தண்ணீர் நிற்கும் என்பதால், அருகில் மேடான கட்டண நிறுத்தம் எது என்று செப்டம்பரிலேயே பார்த்து வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு தெருவில் இல்லை, நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இருக்கலாம். அடுக்குமாடியாக இருந்தால், அதன் அனுமதி பெற்ற வரைபடத்தில் வாகன நிறுத்தத்துக்கு இடம் காட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தரைத்தளம் இப்போது கிடங்காகவோ கடையாகவோ மாறியிருந்தால் அது வரைபடத்தை மீறிய பயன்பாடு. வீட்டு உரிமையாளரிடம் வரைபட நகலைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 'ஒரு கார் நிறுத்தும் இடம்' என்று எந்த இடம், எத்தனைக்கு எத்தனை அடி என்பதோடு எழுதி வாங்குங்கள். எட்டு அடிக்குப் பதினாறரை அடி இருந்தால் போதும். அது முடியாதென்றால் பக்கத்துத் தெருவில் காரில்லாத தனி வீடுகளில் விசாரியுங்கள். காம்பவுண்டுக்குள் ஒரு காருக்கு மாத வாடகைக்கு இடம் தருகிறவர்கள் கிடைப்பார்கள். வாடகை, சாவி யாரிடம், இரவில் எத்தனை மணி வரை கேட் திறந்திருக்கும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.